மலை இல்லாத வரைபடம்

இடக்காலில் செருப்பில்லை என்பதை மருந்துக் கடைக்காரர் சொல்லித்தான் அறிந்தேன்.

காலை நடையை முடித்துக்கொண்டு, கச்சிராயபாளையம் சாலையில் உள்ள அவர் கடைக்குக் குருதியழுத்த மாத்திரை வாங்கச் சென்றிருந்தேன். வழியில் நின்றிருந்த கரும்பு வண்டியொன்றில் இடத்தோள் மோதியது. வண்டியை அவ்வாறு நிறுத்தியவனை மனத்துள் நொந்துகொண்டேன். வேறெதுவும் எனக்கு ஐயமூட்டவில்லை.

“ஐயா, எடது கால் செருப்பு எங்கங்க?” என்றார் கடைக்காரர். என் முகத்தை உற்றுப் பார்த்தவர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். “வாயி வேற ஒரு பக்கமா இழுத்துக்கினு இருக்குதே. ஒக்காருங்க, மொதல்ல ஒக்காருங்க.”

“எனக்கு ஒன்றுமில்லை” என்றேன். பொய் சொல்லவில்லை. இந்நோயில் வலி இல்லை. வலித்தால் மனிதன் கத்துவான். பிறர் ஓடி வருவர். இங்கே பிறர் சொல்லித்தான் நோயாளி தன் நோயை அறிகிறான். இதைப் படிப்போருள் எவருக்கேனும் வீட்டில் இத்தகைய அறிகுறி தோன்றினால், நோயாளியின் சொல்லை நம்பிக் காலந்தாழ்த்த வேண்டா என்று வேண்டிக்கொள்கிறேன்.

கடைக்காரரே ஆட்டோவில் ஏற்றிக் கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் முதலுதவிக்குக் கொண்டுசேர்த்தார். அங்கிருந்து புதுச்சேரியில் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினர். தலையை ‘ஸ்கேன்’ எடுத்துப் பார்த்து, வலப்பக்க மூளையில் குருதியடைப்பு (மூளைக்குச் செல்லும் குருதிக்குழாயில் உறைந்த குருதிக்கட்டி அடைத்து, அப்பகுதி ஊட்டமின்றி வாடுதல்) என்றனர். வலப்பக்க மூளை உடலின் இடப்பக்கத்தை ஆள்வது. ஆகவே இடக்கை தளர்ந்திருந்தது. இடக்கால் சற்றே இழுத்தது. சில கிழமைகளில் கை பிடிமானம் பெற்றது, கால் நிலத்தில் ஊன்றியது. நல்ல வேளை, சிறிதோடு போயிற்று என்று யாவரும் வாழ்த்தினர். நானும் அவ்வாறே எண்ணி வீடு திரும்பினேன்.

மனைவி மறைந்தபின் தனியே வாழ்பவன் நான். கல்லூரியில் தமிழ் பயிற்றுவித்து ஓய்வு பெற்றவன். மகள் மங்கை சென்னையில் பணியில் இருக்கிறாள். விடுப்பெடுத்து வந்து உடனிருந்தாள்; விடுப்புத் தீர்ந்ததும் மனமின்றிச் சென்றாள். சமையலுக்கு அஞ்சலை என்னும் பக்கத்துத் தெருப் பெண் இருவேளையும் வந்துபோனாள்.

எஞ்சிய பொழுதெல்லாம் நானும் கணினியும், கோதண்டமும்.

கோதண்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எலவனாசூர்கோட்டைக்காரன். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன். நில அளவைத் துறையில் பணியாற்றி, மனைவி இறந்தபின் மகனோடு வாழக் கனடா சென்றவன். அந்நாட்டின் குளிரையும் தன் தனிமையையும் வெல்ல அவன் கண்ட வழி, கணினியில் போர் விளையாட்டு. என்னையும் அதில் இழுத்துவிட்டான்.

அறியாதோர்க்காகச் சில சொற்கள். இது கைவேகத்தைச் சோதிக்கும் விளையாட்டன்று. திரையில் ஒரு நிலப்படம் விரியும். அது தேன்கூடு போல் அறுகோணக் கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். என் முறை வரும்போது நான் என் படைகளை நகர்த்திக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்புவேன். அவன் தன் முறையில் அதைத் திறந்து, நான் செய்ததைக் கண்டு, தன் படைகளை நகர்த்தித் திருப்பி அனுப்புவான். மறைவில் வைத்த படை மட்டும் எதிரிக்குத் தெரியாது. எனக்கு விடியும்போது அவனுக்கு இருளும். ஒரு முறைக்கு ஒரு நாள் ஆகும். ஒரு போர் முடிய ஓராண்டும் ஆகலாம்.

இவ்விளையாட்டில் நாமே நிலப்படம் வரைந்துகொள்ளவும் வழியுண்டு. நிலம் அளந்தே வாழ்ந்த கோதண்டம் ஐரோப்பிய நிலப்படங்களில் சலிப்புற்று, நம் மண்ணையே வரைந்துவிட்டான். மேற்கே, அதாவது திரையின் இடப்புறம், கல்வராயன் மலை. வலப்புறம் உளுந்தூர்ப்பேட்டையும் திருநாவலூரும் வரை சமவெளி. நடுவே கோமுகி ஆறும் கள்ளக்குறிச்சியும். வடக்கே சங்கராபுரத்திலிருந்து அவன் படை இறங்கும். தெற்கே நின்று நான் காக்க வேண்டும். தன் சொந்த ஊரைக் காக்கும் பொறுப்பு என்னிடம் வந்ததில் அவனுக்குத் தீராத சீற்றம். “எங்க ஊர உன் கையில குடுத்துட்டு நான் தூங்குவனா?” என்று எழுதுவான்.

நோய்க்கு முன்னரே இப்போர் தொடங்கியிருந்தது. வீடு திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். மகள் பெரிய திரையொன்று வாங்கித் தந்திருந்தாள். நிலம் முழுதும் ஒருசேரத் தெரியும். நான் மிகுந்த ஊக்கத்தோடு ஆடினேன். சமவெளியில் அவனைத் திணறடித்தேன். என் மூளைக்கு ஒன்றும் நேரவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று தருக்கினேன்.

இதனிடையே வீட்டில் சிறு சிறு பூசல்கள். வாழையிலையில் உண்பது என் வழக்கம். அஞ்சலை உப்பு வைப்பதில்லை, ஊறுகாய் வைப்பதில்லை என்று கடிந்துகொண்டேன்.

“எலையிலதாங்க இருக்குது. எடது மூலையில பாருங்க” என்பாள்.

பார்ப்பேன். இராது. அவள் விரலால் இலையை வலப்பக்கமாகத் திருப்பி வைப்பாள்; உப்பு வந்துவிடும். இவள் இப்பொழுதுதான் வைத்தாள் என்றே எண்ணுவேன்.

செய்யுள் படிக்க அமர்ந்தால் ஓசை அமையவில்லை. அடிகளின் தொடக்கத்தில் நிற்க வேண்டிய எதுகையும் மோனையும் எங்கோ போயிருந்தன. பதிப்பாசிரியரைக் குறை கூறினேன்.

வாசலில் வடக்கு நோக்கி நாற்காலியிட்டு அமர்வேன். கல்வராயன் மலை இடப்புறம் நீண்டு கிடக்கும். கிடந்தது என்று இப்பொழுது சொல்கிறேன். அந்நாள்களில் மலையைக் காணவில்லை என்று நான் ஒருபோதும் வருந்தவில்லை. ஒரு பொருளை இழந்தால் அதன் வெற்றிடமேனும் தெரியும். எனக்கு வெற்றிடமும் இல்லை. உலகம் குறைவுபடாமல் முழுமையாகவே இருந்தது. அளவில் மட்டும் பாதியாகியிருந்தது.

தனிமைதான் உறுத்தியது. இத்தனை ஆண்டு பழகியவர்களுள் ஒருவரும் என்னைப் பார்க்க வரவில்லையே என்று தொலைபேசியில் மங்கையிடம் குறைபட்டுக்கொண்டேன். அவள் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள்.

அவ்வேளையில் கோதண்டத்திடமிருந்து கோப்போடு ஒரு வரி வந்தது. “இன்னா வாத்தியாரே, மலையில இன்னா ஒளிச்சு வச்சிருக்க?”

நான் விடை எழுதினேன்: “எந்த மலை?”

அவன் சிரித்துச் சிரித்துத் தும்மல் வந்ததாக எழுதினான். நான் நடிக்கிறேன் என்று எண்ணியிருக்கிறான். எதிரியைப் பொய்யாக வரவழைத்துச் சூழ்வதில் எனக்குப் பழைய பெயர் உண்டு. நானோ நடிக்கவில்லை. எந்த மலை என்று மெய்யாகவே கேட்டேன்.

சிரித்து ஓய்ந்தபின் அவன் சிந்தித்திருக்கிறான். பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருக்கிறான். நோய்க்குப்பின் என் மலைப்படைகள் ஒரு கட்டமும் நகரவில்லை. வெள்ளிமலையில் ஒரு காலாட்படையும் கரியாலூரில் பீரங்கிகளும் உணவின்றி, ஆணையின்றி, நின்றது நின்றபடி நிற்கின்றன. நில அளவைக்காரன் ஆதலால் அவன் கண்ணுக்கு ஒன்று புலப்பட்டது. திரையின் நடுவே ஒரு கோடு இழுத்தாற்போல், கோட்டுக்கு வலப்புறம் எல்லாம் உயிரோடு இருந்தது. இடப்புறம் எல்லாம் உறைந்திருந்தது. அன்றே மங்கையை அழைத்துச் சொல்லிவிட்டான். எனக்கு இது பின்னர்தான் தெரியவந்தது.

மங்கை வந்து என்னை மீண்டும் புதுச்சேரிக்கு அழைத்துச் சென்றாள். நரம்பியல் மருத்துவர் ஓர் இளம் பெண்மணி. தாளொன்றை என் முன் வைத்தார்.

“ஐயா, ஒரு கடிகாரம் வரைஞ்சு காட்டுங்க.”

வரைந்தேன்.

“சரியா இருக்குதுங்களா?”

“மிகச் சரி.”

பக்கத்தில் மங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். பன்னிரண்டு எண்களையும் வட்டத்தின் வலப்பாதியிலேயே நெருக்கி எழுதியிருந்தேனாம்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். “ஒங்க கண்ணு நல்லா இருக்குதுங்க. கண்ணு ரெண்டு பக்கமும் பார்த்து அனுப்புது. மூளை எடப்பக்கத்த மட்டும் வாங்கிக்க மாட்டேங்குது.” இதற்கு ஒருபுறப் புறக்கணிப்பு (பார்வை இருந்தும் ஒரு பக்கத்து உலகை மூளை பொருட்படுத்தாமை) என்று பெயர். வலப்பக்க மூளை தாக்குண்டோர் பலர்க்கு நேர்வதாம். கை கால் தேறியவுடன் எல்லாம் தேறிவிட்டதாக வீட்டார் எண்ணுவதால் மறைந்தே இருந்துவிடுவதும் உண்டாம்.

“சரியாகுமா?”

“நெறைய பேருக்கு ஆகுதுங்க. எவ்ளோ நாள்னு மட்டும் என்னால சொல்ல முடியாது.”

திரும்பும் வழியில் வண்டியில் மங்கை சொன்னாள். “யாரும் வரலன்னு சொன்னீங்களேப்பா. தெனமும் யாராவது வந்தாங்க. நாற்காலி கட்டிலுக்கு எடப்பக்கம் கெடந்துச்சு. நீங்க மொகத்தக் கூடத் திருப்பல. என்ன கோவமோன்னு கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டு எழுந்து போய்ட்டாங்க.”

 பக்கத்து அறையில் தொலைக்காட்சி பேசுகிறது என்று எண்ணிய குரல்கள் நினைவுக்கு வந்தன. அவை என் நண்பர்களின் குரல்கள். நலம் கேட்டு, விடையின்றிப் போயினர்.

நோயாளியைப் பேணுவோர் இதை மறவாதிருக்க வேண்டும். முதலில் நாற்காலியை அவருக்குத் தெரியும் பக்கம் இடுங்கள். பின்னர் நாள்தோறும் சிறிது சிறிதாக மறுபக்கம் நகர்த்துங்கள். அவர் உங்களைத் தேடித் திரும்பட்டும்.

பயிற்சி எளியது, சலிப்பூட்டுவது. திரையின் இடவிளிம்பில் மங்கை சிவப்பு நாடா ஒட்டினாள். நூலின் பக்கங்களிலும் இடப்புறம் சிவப்புக் கோடு. எதைப் பார்த்தாலும் அச்சிவப்பைக் கண்டபின்னரே தொடங்க வேண்டும். கழுத்து திரும்ப மறுக்கும். மூளை, ‘அங்கே ஒன்றுமில்லை, வீணாக ஏன்?’ என்று கேட்கும். அதை நம்பாமல் திரும்ப வேண்டும். சொந்த மூளையை நம்பாமல் நடப்பது முதுமையில் கற்க அரிய பாடம். பல நாள் அழுகை வந்தது. சிவப்பைக் கண்டுவிட்டதாக எண்ணுவேன்; அஞ்சலை வந்து, “இன்னும் பாதி தூரங்கூடப் போவலீங்க” என்பாள்.

திங்கள்கள் கழிந்தன. முதலில் இலையில் உப்பு வந்தது. பின்னர் அடிகளின் தொடக்கத்தில் ஓசை வந்தது. நண்பர்கள் மீண்டும் வந்தனர், வலப்புறம் அமர்ந்தனர்.

ஆயினும் அவர்கள் பழைய நண்பர்களாக வரவில்லை. என்னோடு பணியாற்றிய ஒருவர், ஒரு செய்யுளின் பாடவேறுபாட்டுக்காக என்னோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கு நின்றவர். அன்று வேண்டுமென்றே ஒரு பிழையான பொருளைச் சொல்லி அவரைச் சீண்டினேன். “நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்” என்று கூறி, பழத்தை உரித்து என் கையில் கொடுத்தார். மகள் என்னோடு வாதிடுவதை விட்டுவிட்டாள். அஞ்சலையும் இப்பொழுது உப்பைக் கொண்டுவந்து வலப்பக்கமே வைத்துவிடுகிறாள். எல்லோரும் கனிவாக இருந்தனர். கனிவு நாற்புறமும் சூழ்ந்த ஒருவன் எவ்வளவு தனியன் என்பதை இதே நோயில் கிடப்போர் அறிவர். மறுத்துப் பேச ஆளில்லாத இடத்தில் மனிதன் மெல்ல மெல்லப் பொருளாகிவிடுகிறான். தட்டில் வைத்துத் துடைக்கும் பொருள்.

கோதண்டம் ஒருவன் என்னை எதிர்க்கிறான் என்பதே என் தெம்பு.

ஒரு காலை, சிவப்பு நாடாவிலிருந்து தொடங்கி நிலப்படத்தைப் பொறுமையாகப் பார்த்து வந்தபோது, மலை தெரிந்தது. பழுப்பும் பசுமையுமாகக் கட்டம் கட்டமாக ஏறிச் செல்லும் கல்வராயன் மலை. உச்சியில் வெள்ளிமலை. அங்கே என் காலாட்படை, வலிமை குன்றி, ஓரணியின் நிழல்போல் நின்றது. மகிழ்ச்சியில் கண் பனித்தது. அடுத்த கணம் மற்றொன்றையும் கண்டேன். மலையடிவாரத்தில் ஓர் எதிரிப் படையும் இல்லை.

இருக்க வேண்டும். எந்தச் சிறுவனும் காவல் குன்றிய இம்மலையை ஏறிப் பிடித்து, பின்புறமாக இறங்கிக் கள்ளக்குறிச்சியை வளைத்திருப்பான். பழைய கோப்புகளைத் திறந்து முறை முறையாக ஓட்டிப் பார்த்தேன். அவன் படை அடிவாரத்துக்கு வருகிறது; நிற்கிறது; திரும்பிப் போகிறது. மீண்டும் வருகிறது, திரும்புகிறது. பின்னர் வருவதையே விட்டுவிட்டது. நான் பாதி உலகோடு வென்றதாகத் தருக்கிய வெற்றிகள் யாவும் அவன் இட்ட பிச்சை.

அன்று மாலை அவனை அழைத்தேன். அவனுக்குக் காலை. அவனோடு பேசும்போது மட்டும் என் பேச்சு விடுதிக்காலப் பேச்சாகிவிடும்.

“மலைய ஏன்டா தொடல?”

மறுமுனையில் தேநீரை உறிஞ்சும் ஒலி கேட்டது.

“பார்த்துட்டியா?” என்றான். “அப்ப நெசமாவே தேறிட்ட.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“மொதல்ல பயம்டா வாத்தியாரே. நீ இன்னா சும்மா வுடுற ஆளா? வெள்ளிமலையத் தொறந்து போட்டுக்கினு ஒக்காந்திருக்கறான், உள்ள இன்னாமோ வச்சிருக்கறான்னு அடிவாரத்துலயே சுத்திச் சுத்தி வந்தேன். ஒரு தபா ஏறலாம்னு கை வச்சிட்டு, ராத்திரி சோறு எறங்கல எனக்கு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

“அதுக்கப்புறம்?”

“அப்புறம் மங்கைக்குச் சொன்னேன். டாக்டர் சொன்னத அது எனக்குச் சொல்லிச்சு. அதுக்கு மேல கை வரல.”

“பாவம் பார்த்த.”

“பாவம் இன்னா பாவம்? ஆளு இல்லாத வூட்ல பூந்து அண்டாவத் தூக்கினு வந்தா, அது போரா? திருட்டு. எங்க ஊர்ல கட்டி வச்சு ஒதைப்பாங்க.”

“வூட்ல ஆள் இருக்கேன்டா” என்றேன்.

குரல் நடுங்கிற்று. நோயின் எச்சம் என்று அவன் எண்ணியிருக்கலாம். தொடர்ந்தேன்: “எல்லாரும் இங்க ஆமாங்க, சரிங்கன்றாங்க. நீயும் அப்படி ஆய்ட்டா எனக்கு யார்டா இருக்கா? தோத்தா தோத்துட்டுப் போறேன். வா.”

அவன் முற்றிலும் வேறொரு குரலில், “எனக்கு மட்டும் இங்க யாரு இருக்கறா?” என்றான். “பையன் காலையில போனா இருட்டினப்புறம் வர்றான். சன்னல்ல பனியப் பாத்துக்கினு ஒக்காந்திருக்கறேன். உன் கோப்பு ஒண்ணுதான் எனக்கு வர்ற ஆளு. அதையும் நீ செத்துப் போன மாதிரி ஆடிக்கினு அனுப்பினா நான் இன்னா செய்ய?”

“இப்ப சாகல.”

“சரி. அப்ப வர்றேன். அப்புறம் அழக்கூடாது.”

“நீ ஏறிப் பாரு மொதல்ல. நில அளவைக்காரன் சங்கிலி புடிச்சு ஏறுன மலை வேற, இது வேற.”

“இலக்கணத்தக் கட்டினு அழுடா நீ” என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தான்.

மறுநாள் காலை கோப்பு வந்தது. சிவப்பு நாடாவைத் தேடி முகத்தைத் திருப்பினேன். கழுத்து வழக்கம்போல் தயங்கியது. வற்புறுத்தித் திருப்பினேன். மலையடிவாரம் முழுவதும் அவன் படைகள். கரியாலூர்ப் பீரங்கிகளை ஒரே முறையில் வாரிச் சுருட்டியிருந்தான். இரக்கத்தின் சுவடு எங்கும் இல்லை. அன்று அஞ்சலை கொண்டுவந்த காப்பி ஆறிப்போகும் வரை அத்திரையின் முன் அமர்ந்திருந்தேன். நோய்க்குப்பின் எவரும் எனக்குத் தந்திராத மதிப்பு அதில் இருந்தது.

வெள்ளிமலை வீழ்ந்தது. கள்ளக்குறிச்சியும் தப்பாது என்றே தோன்றுகிறது. பல முறைகளில் இடவிளிம்பில் ஏதேனும் ஒன்றை இன்னும் தவற விடுகிறேன். தவறும் ஒவ்வொரு முறையும் அவன் உள்ளே நுழைகிறான். மருத்துவர் சொல்லாமல் விட்ட அளவுகோல் அது. எவ்வளவு தேறியிருக்கிறேன் என்பதை அவன் அடிக்கும் அடியால் அறிகிறேன்.

இனி முழுவதும் பழையபடி ஆகுமா என்று மருத்துவரைக் கேட்பதை விட்டுவிட்டேன். ஆகாது என்றே நினைக்கிறேன். என் உடலுக்குள் இப்பொழுது இரு காலங்கள் உள்ளன. வலப்பக்கத்து உலகம் விழித்தவுடன் வந்து நிற்கிறது. இடப்பக்கத்து உலகம் ஒரு கணம் பிந்தி, நான் முயன்றபின், வருகிறது. அவ்விரண்டுக்கும் நடுவே உள்ள சிற்றிடைவெளியில் என் நாள்கள் மெல்லச் செல்கின்றன. முன்பு நான் எதையும் பார்ப்பதாக எண்ணியதில்லை. கண் திறந்தால் உலகம் இருந்தது. இப்பொழுது பார்த்தல் ஒரு வினை.

வலப்பக்கம் தானே என்னிடம் வருகிறது. இடப்பக்கத்துக்கு நான்தான் போக வேண்டும். ஒவ்வொரு காலையும் போகிறேன். அங்கே எனக்கு ஓர் எதிரி இருக்கிறான்.